‘மட்டும்’

நம் மலருக்குக் கட்டுரை கேட்ட ஆசிரியர், “நீ படிக்கும் உளவியலைப் பற்றி எல்லோர்க்கும் விளங்கும்படி எழுது” என்றார். எல்லோர்க்கும் விளங்கும்படி! கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு உடனே அடங்கியும் விட்டது. எல்லோர்க்கும் விளங்கும்படி நான் ஒருமுறை பேசியிருக்கிறேன். கைதட்டலும் பெற்றிருக்கிறேன். ஆனால், நான் சொன்னதைக் கேட்டு, நான் சொல்ல நினையாத ஒன்றை ஒருவர் விளங்கிக்கொண்டார். அவர் என் அத்தை. அந்தக் கதையைத்தான் இங்கு எழுதப்போகிறேன். கதை என் பிழையைப் பற்றியது. ஆகையால் துணிந்து எழுதலாம். வேறு யாரும் வருத்தப்பட இடமில்லை.

நான் பிறந்து வளர்ந்த ஊர் அந்தமானின் தலைநகர். போர்ட் பிளேர் என்று பள்ளிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் அரசாங்கம் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியது. நாவுக்குப் பழகிய பெயரையே நான் இங்கு எழுதுகிறேன். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறினால் ஏறத்தாழ மூன்று நாளில் அங்கே போய்ச் சேரலாம். “அங்கே தமிழர்களும் இருக்கிறார்களா?” என்று விடுதியில் என்னைக் கேட்காத நண்பர் இல்லை. இருக்கிறார்கள். கடைத்தெருவில் இருக்கிறார்கள், துறைமுகத்தில் இருக்கிறார்கள், அலுவலகங்களில் இருக்கிறார்கள். பிழைப்புத் தேடித் தாமே வந்தவர் பலர். கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டவரும் உண்டு. எங்கள் குடும்பம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது.

1964-ஆம் ஆண்டு அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கை ஏற்பட்டது. இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் இலட்சக்கணக்கானோர் அதன் வழியே இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அப்படி வந்தவர்களுள் சில குடும்பங்களை நிக்கோபார்த் தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவில் ரப்பர்த் தோட்ட வேலைக்குக் குடியமர்த்தினார்கள். என் பாட்டனார் குடும்பமும் அவற்றுள் ஒன்று. அத்தை அப்போது பாவாடை கட்டிய சிறுமி. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம், அங்கிருந்து மண்டபம் முகாம், பிறகு சென்னை, பிறகு மறுபடியும் கப்பல். கொழுந்து கிள்ளிய குடும்பத்தில் பிறந்தவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டக் கற்றுக்கொண்டார். அந்தத் தீவிலேயே அவருக்கு மணமாயிற்று. என் தந்தையார் பின்னாளில் வேலை தேடிப் போர்ட் பிளேருக்கு வந்துவிட்டார். அத்தையும் மாமாவும் கச்சாலிலேயே தங்கிவிட்டனர்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை 6 மணி 28 நிமிடத்துக்குச் சுமத்திராவின் கடலடியில் பூமி பிளந்தது. அந்தப் பிளவு வடக்கே நிக்கோபாரையும் அந்தமானையும் ஒட்டி நீண்டு சென்றது. எங்கள் வீட்டில் அலமாரிப் பாத்திரங்கள் உருண்டன. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார். அப்போது எனக்கு எட்டு வயது. எங்களுக்கு அவ்வளவோடு போயிற்று. நிக்கோபாரில் அப்படிப் போகவில்லை. தீவுகள் முழுவதிலுமாக 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். மிகக் கொடிய அடிபட்ட தீவுகளுள் கச்சாலும் ஒன்று. அன்று காலை மாமா மீன் வாங்கக் கடற்கரைக்கு இறங்கிப் போயிருந்தார். மேட்டிலிருந்த அத்தை மற்றவர்களோடு காட்டுக்குள் ஓடிப் பிழைத்தார். மாமாவின் உடல் கிடைக்கவில்லை. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘காணவில்லை’ என்று எழுதினார்கள். அவருக்குத் திதி கொடுப்பதா, கூடாதா என்று எங்கள் குடும்பத்தில் இன்றுவரை ஒரு முடிவு ஏற்படவில்லை.

சனவரியில் கப்பல் அத்தையைப் போர்ட் பிளேரில் கொண்டுவந்து இறக்கியது. சில நாள் முகாமில் இருந்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். முகாமில் யார் யாரோ வந்து அவரைக் கேள்வி கேட்டனர். அவர்களுள் ஒருவர், நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொல்லச் சொன்னாராம். அத்தை சொன்னார். வந்தவர் தாளில் குறித்துக்கொண்டு எழுந்து போனார், திரும்ப வரவில்லை. “எழுதிக்கிட்டுப் போனாங்க” என்று அத்தை இன்றும் சொல்வார். அதில் கோபம் இராது. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொல்வார்.

நான் உளவியல் படிக்க வந்ததற்கு அந்தச் சொற்களே காரணம் என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை அதுவன்று. நான் கேட்ட பாடம் கிடைக்கவில்லை, கிடைத்ததைப் படித்தேன். ஆனால் முதுகலை முதல் ஆண்டில், நூலகத்தில் ஒரு மாலை, எங்கள் தீவுகளைப் பற்றிய ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை என் கண்ணிற் பட்டது. அன்றுமுதல்தான் இந்தப் படிப்பு எனக்குச் சொந்தமாயிற்று.

பெங்களூரில், நிம்ஹான்ஸ் என்று சுருக்கமாக வழங்கும் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனம் இருப்பதை அறிவீர்கள். அதன் மருத்துவர்கள் ஆழிப்பேரலைக்குப் பின் எங்கள் தீவுகளுக்கு வந்து பணி செய்தனர். நோயுற்றவரைப் பார்த்ததோடு நில்லாமல், பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊர்ப் பணியாளர்களுக்கும் பயிற்சி தந்தனர். 2005-ஆம் ஆண்டு சனவரி முதல் மார்ச்சு வரை தாம் கண்டதை டாக்டர் சுரேஷ் படா மத் முதலியோர் 2006-இல் கட்டுரையாக வெளியிட்டனர். அதில் மூன்று செய்திகள் என் மனத்தில் நின்றன.

முதலாவது: அந்தத் தொடக்கக் கட்டத்தில், மக்களில் நூற்றுக்கு 5 முதல் 8 பேர் குறிப்பிடத்தக்க மனநலக் கோளாறுகளால் துன்புற்றனர். இரண்டாவது: உதவிக்கு வந்தவர்கள் திரும்பிப் போய், நம்பிக்கை தளரும் காலம் ஒன்று பேரிடர்களுக்குப் பின் வருவதுண்டு. அக்காலத்தில் இத்தொகை நூற்றுக்கு 25 முதல் 30 வரை உயரக்கூடும் என்று எதிர்பார்த்தனர். மூன்றாவது: கூட்டுக் குடும்பமாக வாழும் நிக்கோபாரிப் பழங்குடியினரிடம், தொடக்கத்தில், துன்பத்தைத் தாங்கி எழும் ஆற்றல் மிகுந்து காணப்பட்டது.

அதே குழுவினர் 2008-இல் வெளியிட்ட மற்றொரு கட்டுரை, வீடிழந்து இடம்பெயர்ந்தவர்களையும் இடம்பெயராதவர்களையும் ஒப்பிட்டது. முன்னவரில் நூற்றுக்கு 5.2, பின்னவரில் 2.8. ஏறத்தாழ இருமடங்கு. மண்ணும் வீடும் அண்டை அயலும் போனதும் ஒரு பேரலைதான் என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லாமற் சொல்லின.

நண்பர்களே, எங்கள் ஊரைப் பற்றி ஓர் உலகப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள்! எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை என்ன சொல்வேன்! ஆனால் அந்தக் கட்டுரை ஆங்கிலத்தில் இருந்தது. யாரைப் பற்றி எழுதப்பட்டதோ அவர்களில் ஒருவர்கூட அதைப் படித்திருக்கமாட்டார்கள். தாளில் குறித்துக்கொண்டு போன செய்தியைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பவன் நானே என்று அன்று உறுதி செய்துகொண்டேன். இளமையின் உறுதி எத்தகையது என்பது உங்களுக்குத் தெரியும்.

வாய்ப்பும் வந்தது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று, பேரலையின் இருபதாம் ஆண்டு நினைவாக எங்கள் ஊர்த் தமிழன்பர்கள் சிலர் கூடினர். விடுமுறைக்கு வந்திருந்த என்னையும் பேச அழைத்தனர். இரண்டு நாள் இருந்து உரை எழுதினேன். மேடையில் இப்படிச் சொன்னேன்:

“ஆராய்ச்சி என்ன சொல்லுகிறது? நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் மட்டுமே மனநோய்க்கு ஆளாயினர். மற்றத் தொண்ணூற்றிரண்டு பேரும் தாமாகவே தேறிவிட்டனர். மனித மனம் அத்துணை வலியது!”

பலத்த கைதட்டல். முதல் வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் இறங்கி வந்தபோது என் கால்கள் தரையில் படவில்லை.

கூட்டத்துக்கு வந்திருந்த செய்தியாளர் ஒருவர் கட்டுரையின் பிரதியைக் கேட்டார், கொடுத்தேன். மறுநாள் ஓர் ஏட்டில் செய்தி வந்தது. தலைப்பைப் பார்த்துத் திடுக்கிட்டேன். தீவு மக்களில் நூற்றுக்கு முப்பது பேர் மனநோயாளிகள் என்ற பொருளில் அது இருந்தது! எதிர்பார்த்துச் சொன்ன எண்ணை எண்ணிக் கண்ட எண்ணாக ஆக்கிவிட்டார்கள். நாளை மழை வரலாம் என்று ஒருவர் சொன்னதை, நேற்று வெள்ளம் வந்தது என்று அச்சிடலாமா? “பத்திரிகைக்காரர்களே இப்படித்தான்” என்று அன்று பகலெல்லாம் வீட்டில் பொருமிக்கொண்டிருந்தேன். மறுப்புக் கடிதம் ஒன்றும் எழுதத் தொடங்கினேன்.

மாலையில் அத்தை திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நேத்து நல்லாத்தான் பேசுன. ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அத்தை.”

“நூத்துக்குத் தொண்ணூத்தி ரெண்டு பேரு தானாத் தேறிட்டாங்கன்னு சொன்னியே. இருபது வருசமாச்சு. எனக்கு இன்னும் தேறலையே. அப்ப குத்தம் எங்கிட்டத்தானே?”

கீரையை உருவும் கை நிற்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

எனக்குப் பேச்சு வரவில்லை. வராததற்கு வேறொரு காரணமும் உண்டு. அத்தையிடம் ஒரு துணிப்பை இருக்கிறது. அதற்குள் ரேஷன் அட்டை, ஒரு சேலை, ஒரு தண்ணீர்ப் போத்தல், கொஞ்சம் பணம். அவர் எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, விடியுமுன் எழுந்து, அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வாயிற்படியில் உட்காருவார். நன்றாக விடிந்து, தெருவில் ஆள் நடமாட்டம் கண்ட பிறகே உள்ளே வருவார். நாங்கள் குழந்தைகள் அதைப் பார்த்து, “அத்தை ஊருக்குக் கிளம்பிட்டாங்க” என்று கேலி செய்வோம். அவரும் சிரிப்பார். வளர்ந்த பிறகு கேலியும் நின்றுவிட்டது. அது அத்தையின் வழக்கம் என்று ஆகிவிட்டது. வீட்டுச் சுவர்க்கடிகாரம் போல.

ஆறு ஆண்டு உளவியல் படித்தவன் நான். அஞ்சிய மனம் எப்படிக் காவல் இருக்கும், எப்படி உறங்க மறுக்கும் என்று தேர்வுத் தாளில் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். என் வீட்டு வாயிற்படியில் அது உட்கார்ந்திருந்ததை நான் பார்த்ததில்லை. மேடையேறி நூறு பேருக்கு ஆராய்ச்சியை விளக்கினேன். அந்த நூறு பேரில் ஆராய்ச்சி யாரைக் குறித்ததோ அவரிடமே, “நீங்கள் பலவீனமானவர்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

எழுதிக்கொண்டிருந்த மறுப்புக் கடிதத்தைக் கிழித்தேன். அந்தச் செய்தியாளர் செய்தது பிழைதான். ஆனால் அவர் ஒரு பக்கமாகச் செய்ததை நான் மறுபக்கமாகச் செய்திருந்தேன். ஒரே கட்டுரையிலிருந்து அவர் பெரிய எண்ணை எடுத்து ஊரை அச்சுறுத்தினார். நான் சிறிய எண்ணை எடுத்து ஒருவரை வெட்கப்படுத்தினேன்.

என் பேச்சை மறுபடியும் எடுத்து, வரி வரியாகக் கட்டுரையோடு ஒத்துப் பார்த்தேன். ‘தொண்ணூற்றிரண்டு பேர் தாமாகவே தேறிவிட்டனர்’ என்று கட்டுரையில் எங்கும் இல்லை. நூறிலிருந்து எட்டைக் கழித்து நானே உண்டாக்கிய வாக்கியம் அது. அன்று நோய் காணப்படவில்லை என்பது வேறு. துன்பமே இல்லை என்பது வேறு. தேறிவிட்டார் என்பது முற்றிலும் வேறு. மேலும், அவர்கள் பார்த்தது முதல் மூன்று மாதம். நான் பேசியதோ இருபது ஆண்டுகளைப் பற்றி. மூன்று மாதத்துக்குத் தைத்த சட்டையை இருபது ஆண்டுக்கு மாட்டிவிட்டேன். ‘தாமாகவே’ என்ற சொல்லும் பொய். யார் தாமாகத் தேறினார்? நிக்கோபாரியரைத் தாங்கியது அவர்களுடைய கூட்டுக் குடும்பம் என்றுதானே கட்டுரை சொல்லியது? உறவும் சோறும் வேலையும் வீடும் சேர்ந்து தாங்கியதை, ஒவ்வொருவரின் தனி வீரமாக நான் ஆக்கிவிட்டேன். வீரம் என்று ஆனவுடன், தேறாதவர் கோழை என்றும் ஆகிவிடுகிறதல்லவா?

அப்படியானால் அந்த எண்ணைச் சொல்லாமலே விட்டிருக்கலாமா? அதுவும் கூடாது. அது வேண்டிய எண். பேரிடர் நேர்ந்தவுடன், பிழைத்தவர் அத்தனை பேருக்கும் ‘ஆலோசனை’ தரவேண்டும் என்று ஓடுகிறவர் பலர். நடந்ததை உடனே ஒரே இருப்பில் முழுவதும் சொல்லவைத்தால் பாரம் இறங்கிவிடும் என்ற நம்பிக்கை ஒரு காலத்தில் உலகெங்கும் இருந்தது. சோதனைகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்தபோது, அந்த ஒருநாள் வைத்தியத்தால் பிற்கால மனவடு தடுக்கப்படவில்லை என்றும், சிலருக்குத் தீங்காகவும் முடியக்கூடும் என்றும் தெரியவந்தது. 2011-இல் உலகச் சுகாதார நிறுவனமும் பிறவும் வெளியிட்ட உளமுதலுதவிக் கையேடு, நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தலாகாது என்கிறது. பார், கேள், உரிய இடத்தோடு சேர்த்துவை என்பதே அதன் முறை. முகாமில் அத்தையைச் சொல்லச் சொல்லிக் குறித்துக்கொண்டவர் கெட்டவரல்லர். அவர் இந்த மூன்றில் பார்த்தார், கேட்டார், சேர்த்துவைக்காமல் போய்விட்டார்.

ஆக, எண் ஒன்றுதான், கேட்பவர் பலர். அதிகாரி கேட்டால், “குடும்பங்களைப் பிரிக்காதீர்கள், வீட்டையும் வேலையையும் விரைவில் கொடுங்கள், அதுவே பெரும்பாலோர்க்கு மருந்து” என்று அந்த எண் சொல்லவேண்டும். மருத்துவர் கேட்டால், “ஆயிரம் பேர் உள்ள முகாமில் ஐம்பது முதல் எண்பது பேர் உம்மை எதிர்பார்ப்பார்கள்” என்று சொல்லவேண்டும். விடியற்காலையில் பையோடு உட்கார்ந்திருப்பவர் கேட்டால்? “உங்களைப் போல் இருப்பவர் உண்டு என்று எங்களுக்குத் தெரியும், இதற்கு வழி இருக்கிறது” என்று சொல்லவேண்டும். நான் அதிகாரிக்குச் சொல்லவேண்டியதை அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

இந்தக் கலையில் வல்லவர்கள் இருந்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் வின்னிக்காட் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார், உளப்பகுப்பாய்விலும் தேர்ந்தவர். இரண்டாம் உலகப் போர்க் காலந்தொட்டு 1962 வரை அவர் பி.பி.சி. வானொலியில் தாய்மார்களோடு பன்முறை பேசினார். அவர் தம் புலமையைக் காட்டவில்லை. தாய்மார்களுக்குக் கட்டளையிடவும் இல்லை. சாதாரணத் தாய் தான் அறியாமலே எவ்வளவு சரியாகச் செய்கிறாள் என்பதை அவளுக்கே எடுத்துச் சொன்னார். 1969-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராயிருந்த ஜார்ஜ் மில்லர், தம் தலைமையுரையில், உளவியலை நிபுணர்கள் தம்மிடமே பூட்டி வைக்காமல், தேவைப்படும் மக்களிடம் வழங்கிவிட வேண்டும் என்றார். நம் தமிழிலும் இந்த வேலை நடந்திருக்கிறது. போரின் நடுவே யாழ்ப்பாணத்தில் பணிசெய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் உழைத்தவர்களும், ஊர்ப் பணியாளர் படித்துப் பயன்படுத்தும்படி தமிழிலேயே எழுதினர். ‘மனவடு’, ‘உளநெருக்கீடு’ என்று அங்கே வழங்கும் சொற்களை நான் பின்னாளில்தான் அறிந்தேன். வடு! ஆறிய பின்னும் இருப்பது, இருந்தாலும் ஆறியது. இந்தச் சொல் எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் என் பேச்சு வேறு விதமாக இருந்திருக்கும்.

ஆனால் எனக்கு ஆசிரியராய் அமைந்தவர் அத்தைதான்.

மறு விடுமுறையில், எங்கள் ஊர் வானொலியில் பத்து நிமிடம் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. இம்முறை உரையை எழுதி முடித்ததும் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். “நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பேர் மட்டும்” என்று நான் படித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“அந்த ‘மட்டும்’ வேணாம் தம்பி.”

“ஏன் அத்தை? கொஞ்சம் பேர்தானே என்று ஜனங்கள் பயப்படாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.”

“மத்தவங்களுக்கு அது ‘மட்டும்’. நான் அதுக்குள்ளல்ல இருக்கேன்.”

நண்பர்களே, புள்ளியியல் வகுப்பில் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். சதவீதத்தைப் பற்றி இதைவிடச் சிறந்த பாடத்தை நான் கேட்டதில்லை. ‘மட்டும்’ என்பது எண்ணன்று. அதை எண்ணோடு ஒட்டவைப்பவன், தான் எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதைக் காட்டிக்கொடுத்து விடுகிறான். அந்தச் சொல்லை அடித்தேன்.

முழுவதும் கேட்டுவிட்டு அத்தை இன்னொன்றும் சொன்னார்: “எல்லாஞ் சொன்ன. அந்த அஞ்சு பேரு எங்க போவணும்னு சொல்லலையே?”

உண்மைதான். பத்து நிமிட உரையில் ஒன்பது நிமிடம் ஆராய்ச்சி இருந்தது. போகும் வழி இல்லை. அங்கேயே எழுதிச் சேர்த்தேன். 2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10 முதல் அரசாங்கம் ‘டெலி மானஸ்’ என்ற மனநலத் தொலைபேசிச் சேவையை நடத்திவருகிறது. எண் 14416. கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம். தேவைப்பட்டால் மருத்துவரிடம் போகும் வழியையும் சொல்வார்கள். “மாதக்கணக்கில் தூக்கம் வராமல் இருப்பது, கெட்ட கனவு ஓயாமல் வருவது, எந்நேரமும் ஏதோ நடக்கப்போகிறது என்று நெஞ்சு அடித்துக்கொள்வது, இவை சோம்பலும் அல்ல, கோழைத்தனமும் அல்ல. பல ஆண்டு கழிந்த பின்னும் இவற்றுக்கு வைத்தியம் உண்டு” என்று முடித்தேன். முடிப்பில் அழகு ஒன்றும் இல்லை. அத்தை தலையை அசைத்தார்.

வானொலியில் பேச்சு ஒலித்த மறுநாள், வழக்கமாக எங்கள் தெருவில் மீன் விற்கும் அம்மாள் கூடையை இறக்கிவைத்துவிட்டு, “ரேடியோவில தம்பி சொன்னுச்சே, அந்த நம்பர் என்னா?” என்று அத்தையிடம் கேட்டார். அத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அம்மாள் போனார். யாருக்காக என்று அத்தை கேட்கவில்லை. என் வாழ்நாளில் நான் பெற்ற கைதட்டல்களையெல்லாம் சேர்த்தாலும் அந்தக் காகிதத்துக்கு ஈடாகாது.

அத்தை குணமாகிவிட்டார் என்று கேட்க நீங்கள் விரும்புவீர்கள். நானும் அப்படி எழுத விரும்புகிறேன். ஆனால், மிகைப்படுத்திச் சொல்வதில்லை என்று உறுதி எடுத்த பின் எழுதும் முதற் கட்டுரை இது. அத்தை அந்த எண்ணில் பேசினார். பிறகு அரசு மருத்துவமனைக்கு என் தந்தையாருடன் போனார், இப்போதும் போய்வருகிறார். சில நாள் விடியும்வரை உறங்குகிறார். பை இப்போது கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்குகிறது. சில நாள் காலையில் அது மறுபடியும் மடிக்கு வந்துவிடுகிறது என்று அம்மா தொலைபேசியில் சொல்கிறார். முன்பெல்லாம் அம்மா அதை எனக்குச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறார், அத்தைக்கு ஒரு தேநீர் போட்டுக்கொடுத்து, தாமும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாராம்.

வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். உளவியல் கற்பவனுக்கு இரண்டும் ஒரே அதிகாரம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவன் மேடையிலும் வானொலியிலும் பத்திரிகையிலும் சொல்லும் சொல், கேட்பவர் சிலருக்கு மருந்தாக இறங்கும்; அளவு தவறினால் நஞ்சாகவும் இறங்கும்.

உளவியல் படிப்பவருக்கென்று இதை எழுதவில்லை. நம் சங்கத்தில் நெல்லைப் பற்றி ஆராய்பவர் இருக்கிறார்; காசநோயைப் பற்றி ஆராய்பவர் இருக்கிறார்; கூலி உழைப்பாளர் கணக்கை எடுப்பவர் இருக்கிறார். உங்கள் எண்ணுக்குள்ளும் யாரோ இருக்கிறார்கள். நாளை உங்கள் ஆராய்ச்சி பாராட்டுப் பெறும், பத்திரிகைக்காரர் வந்து கேட்பார், வானொலிக்காரர் அழைப்பார். போய்ப் பேசுங்கள். பேசாமலிருப்பது பெருமையன்று. ஆனால் போவதற்கு முன், அந்த எண்ணுக்குள் இருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, அவருக்குத் தெரிந்த தமிழில், ஒருமுறை படித்துக் காட்டுங்கள். அவர் கையைக் காட்டி நிறுத்தும் இடத்தில் நிறுத்துங்கள்.

நான் இந்தக் கட்டுரையையும் அத்தைக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டிய பிறகே ஆசிரியரிடம் கொடுக்கிறேன். ஓர் இடத்தில் நிறுத்தினார். மாமா மீன் வாங்கக் கீழே போனார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? “எனக்காகத்தான் போனாரு, அதையும் எழுது” என்றார்.

எழுதிவிட்டேன்.